பத்திரிகை அட்டை

கொளத்தூரில் எங்கள் மொட்டைமாடியில்
நூற்றுப் பதினேழு பாட்டில்கள்.
பாட்டிலுக்கு ஒரு ஃபைட்டர்,
வாதாம் இலை ஊறிய டிகாஷன் தண்ணீரில்.
நடுநடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளின்
கெட்டி அட்டையைச் செருகியிருக்கிறேன்,
ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க.
பார்த்தால் செவுள் விரியும்.
விடிவதற்குள் பாட்டிலில் முட்டி முட்டி
வால் கந்தலாகிவிடும்.

பதினான்கு வருடமாக ஜோடி சேர்க்கிறேன்.
நீலத்துக்கு நீலம், விசிறி வாலுக்கு விசிறி வால்.
நிறம் பேச்சைக் கேட்கும்,
மூன்றாம் தலைமுறையில் வந்து நிற்கும்.
குணம்தான் கேட்காது.
ஒருமுறை சாதுவான ஆணாகப் பார்த்து விட்டேன்,
கண்ணாடியைக் காட்டினாலும்
முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒன்று.
எழுபதாம் நாள் அதன் குஞ்சுகளில் பாதி
கூடப் பிறந்ததின் கண்ணைப் பிடுங்கின.
மீதி, தொட்டி மூலையில் ஒண்டிக் கிடந்தன.
அதில் எது சாது, எது பயந்தாங்கொள்ளி,
இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

ரெஜினா என்னைத் தேர்ந்தெடுத்தது
வில்லிவாக்கம் பஸ் ஸ்டாண்டில்.
சில்லறைத் தகராறில் ஒருவன்
என் காலரைப் பிடித்து உலுக்கினான்.
நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
"எங்க வீட்ல நாலு ஆம்பள.
நாலு பேருக்கும் வாய்க்கு முன்னாடி கை நீளும்.
கையக் கட்டத் தெரிஞ்சவன்
ஒருத்தனாவது இருக்கானேன்னு இருந்துச்சு" என்றாள்,
கல்யாணத்துக்கு அப்புறம், கொசுவலைக்குள்.

அது பொறுமை இல்லை என்று
அவளிடம் சொல்ல இரண்டு வருடம் ஆனது எனக்கு.
மில் மூடிய பிறகு
அப்பா வீசிய சோற்றுத் தட்டுகள் அவை.
தட்டு சுவரைத் தொடுமுன்
கையைக் கட்டிக்கொள்ளப் பழகியிருந்தோம்,
நானும் அண்ணனும்.
அண்ணன் பின்னால் கட்டை அவிழ்த்துவிட்டான்.
ஓட்டேரி ஸ்டேஷனில்
ஏட்டிலிருந்து டீ வாங்கிவரும் பையன்வரை
அவன் பெயர் தெரியும்.
ஒரே தட்டு, ஒரே சுவர்.

அம்மா அவரைப் பிடித்ததே
அந்தக் கோபத்துக்காகத்தான்.
பட்டாளம் மார்க்கெட்டில் எவனோ
அவள் பின்னலை இழுத்தானாம்.
கையிலிருந்த டீ கிளாஸோடு
அவன் வாயிலேயே இறக்கினாராம் இவர்.
அந்த ரௌத்திரம் செருப்பைப் போல
வாசலோடு நின்றுவிடும் என்று
பாவம், நம்பிவிட்டாள்.
ஒருத்தி கோபத்தைக் கட்டினாள்.
அவள் மருமகள் கோபமின்மையைக் கட்டினாள்.
இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது
ராத்திரி நிம்மதியாகத் தூங்க ஓர் இடம்.

பெனிட்டாவுக்கு ஆறு வயது.
பள்ளிக்கூட டைரியில் சிவப்பு மை:
"கடிக்கிறாள்."
தாடை அவள் மாமன்களுடையது.
நேற்று இட்லித் தட்டை வீசினாள்.
இடது கையால். அப்பாவும் இடது கை.
சுவரில் அந்தச் சத்தம்
இருபத்தைந்து வருடம் கழித்தும்
ஒரு சுருதி மாறாமல் கேட்டது.
என் கைகள் தானாகக் கட்டிக்கொண்டன.
ரெஜினா கரண்டியோடு அப்படியே நின்றாள்,
நான்கு ஆண்கள் உள்ள வீட்டுச் சிறுமியாக.

பெனிட்டா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
பிறகு போய்
கவுன் நுனியால் சுவரில் சாம்பாரைத் துடைத்தாள்,
இன்னும் பெரிதாக அப்பிக்கொண்டது.
"அழாதீங்க" என்றாள்.
நாங்கள் இருவருமே அழவில்லை.
வீசிய கையே துடைப்பது
எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லாத வழக்கம்.

சாயங்காலம் மாடிக்கு வந்து
ஓர் அட்டையை உருவினாள்.
மணமகன் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கையில்
இரண்டு பக்கமும் செவுள் விரிந்தது,
கறுப்புத் தாடி போல.
"ப்பா, இதோட அப்பா யாரு?"
மூலையில் ஒண்டியிருக்கும் கிழட்டு நீலத்தைக் காட்டினேன்.
"பொய்" என்றாள்.
"அப்ப அம்மா?"

நோட்டைப் புரட்டினேன்.
தேதி, நிறம், வால், விற்ற விலை.
பதினான்கு வருடத்தில் ஒருநாளும்
பெண் மீனின் குணத்தை
நான் எழுதி வைத்ததில்லை.