வலைக்கண்ணின் அளவு

ஏழாம் எண் ட்ரோன் கடலில் விழுந்து
பதினொரு நிமிடம் கழிந்த பின்னும்
அதன் இரட்டை
என் திரையில் பறந்துகொண்டிருந்தது.

யாரும் அதற்குச் சொல்லவில்லை.
மின்கலம் அறுபத்திரண்டு விழுக்காடு,
நான்கு விசிறிகளும் நலம்,
பெட்டிக்குள் இன்சுலின் ஐந்து டிகிரியில்.
பாறைமுனையை அழகாகச் சுற்றி
ஃபூக்லோய்த் தீவின் தேவாலயச் சுவரோரம்
பூப்போல் இறங்கி
விளக்கை அணைத்தது.

அதே சுவரோரம் நின்றிருந்த மார்யுனை
தொலைபேசியில் கேட்டேன், வந்ததா என்று.
மழைதான் வந்தது என்றாள்.
பழைய பேனாவில் மிச்சமிருந்ததை வைத்து
அந்த இரவை ஒப்பேற்றினாள்.
படகு மறுநாள் மதியம்தான் போனது.

இத்தனைக்கும்
நாற்பத்தோராயிரம் முறை
அதைத் திரையில் கொன்றிருந்தோம்.
ஆலங்கட்டியால். இறக்கையில் உறைந்த உப்புப் பனியால்.
ஒரு மோட்டாரை நடுவானில் அணைத்து.
கடற்காகம் ஒன்றை மேலே ஏவி.
சாகச் சாகத் தேறியது.

கைகளைக்கூட நாங்கள் வரையவில்லை.
தாங்கவேண்டிய பாரத்தை மட்டும் சொன்னோம்;
நிரல் இரவெல்லாம் உட்கார்ந்து
வேண்டாத பிளாஸ்டிக்கைத் தின்று தீர்த்தது.
காலையில் மிஞ்சியிருந்தது
ஏதோ பறவையின் எலும்பு மாதிரி ஒன்று.
"இதை நான் வரைந்திருந்தால்
வேலையை விட்டுத் துரத்தியிருப்பீர்கள்"
என்றான் ஹொக்னி.
நாற்பத்து மூன்று கிராம் மிச்சம்.
இரண்டு இன்சுலின் பேனாக்களின் எடை.

நினைவுச் சில்லு
எய்ஃபின்னூரின் படகில் வந்தது,
காட் மீன்களுக்கு நடுவே, வாலறுந்த கூட்டோடு.
டீசல் காசு மட்டும் கேட்டார்.
துடைத்து, உலர்த்தி, படித்தோம்.
கடைசி ஒன்றே முக்கால் நொடியில்
வாடைக்காற்று
பாறைக்கு மேலிருந்து செங்குத்தாக
அதன் முதுகில் இறங்கியிருக்கிறது.

திரையில் அந்த இடம்
குளம்போல் அமைதி.

காற்றைக் கணக்கிட
வானத்தைக் கட்டம் கட்டமாக அறுப்போம்.
துறைமுகத்தில், எங்களைப் பார்க்க வருபவர்கள் நிற்கும் இடத்தில்,
ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அகலம்.
ஆளில்லாத பாறைமுனையில் பதினெட்டு மீட்டர்.
கணினி வாடகையில் அதனால் மூன்றிலொரு பங்கு மிச்சம்.
கீழே கையொப்பம் என்னுடையது.

கண் பெரிதானால் மீன் தங்காது என்று
கிளாக்ஸ்விக்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.
நானும் கிளாக்ஸ்விக்தான்.

மறுபடி அறுத்தோம்,
அரை மீட்டருக்கும் குறைவாக.
ஒன்பது இரவுகள்.
கணினிகளின் வெந்நீர் மூச்சில்
ஹொக்னி காலுறை உலர்த்தினான்.
பத்தாம் நாள்
பாறைக்குப் பின்னால் அது தெரிந்தது:
சுருண்டு, நின்ற இடத்திலேயே உருண்டுகொண்டு,
திரையில் சிவப்பாக.
இந்தத் தீவுகளுக்குப் பெயர் வைக்கும் முன்பிருந்தே
அங்குதான் நின்றிருக்கும்.
பஃபின் பறவைகள் அந்த முனையில் ஏன்
அவ்வளவு அகலமாக வளைகின்றன என்று
எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.
அவற்றிடம் தரவு இருந்தது.

எட்டாம் எண்ணுக்கு
இறக்கை சற்று அகலம், சுழற்சி மெதுவு,
பின்கை இரண்டு விரற்கடை நீளம்.
சேமித்த நாற்பத்து மூன்று கிராமில்
முப்பதைத் திருப்பிக் கொடுத்தோம்.
மார்ச் மாதம், காலை ஆறே கால்,
மேலே ஒன்றும் திரையில் ஒன்றுமாகப் புறப்பட்டன.
முனையில் இரண்டும் ஒரே நேரத்தில் குலுங்கின.
இரண்டும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.
நான் திரையைப் பார்க்கவில்லை,
தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டி வந்தது" என்றாள் மார்யுன்.
"ஆனால் என்ன சத்தம் இது?
என் ஆடுகள் பாதி
மலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன.
யார் போய்க் கூட்டிவருவது?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு
அட்டவணையில்
காற்று, உப்பு, பனி, கடற்காகம் என்ற வரிசைக்குப் பக்கத்தில்
புதிதாக ஒரு கட்டம் திறந்தேன்.
ஆடு என்று எழுதினேன்.
அலகு என்ன போடுவது என்று
ஹொக்னி கேட்டான்.