சலவைக்கூடம், அந்திமெஷ்க்

போர்முனைக்கு நீங்கள் போகவில்லையே அம்மா
என்கிறார் ஆணையத்தின் மூன்றாவது டாக்டர்.
போகவில்லை.
அதுதான் என்னிடம் வந்தது
லாரியில், மூட்டை மூட்டையாக.

மருத்துவமனைக்குப் பின்னால் நான்கு சிமெண்டுத் தொட்டிகள்.
இருபத்து மூன்று பெண்கள்.
கையுறை ஆறு ஜோடி, அதிலும் மூன்று ஓட்டை.
துவைக்கும் முன் சட்டைப்பையைத் துழாவ வேண்டும், அது விதி.
பிஸ்தா ஓடு. பாதியில் நின்ற கடிதம்.
ஒருமுறை மோதிரம்,
மோதிரத்தோடு அது இருந்த விரலும்.
மோலூக் அதை வெள்ளைத் துணியில் சுற்றி
மாதுளை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து
மீதிச் சட்டையை அலசினாள்.

ஒரு குளிர்கால நாளில் வந்த மூட்டைகளில்
ரத்தமே இல்லை.
இன்றைக்கு வேலை சுலபம் என்றோம்.
பூண்டு வாசனை மட்டும்.
சமையல்காரர்களின் துணி போலிருக்கிறது என்று
சிரித்துக்கொண்டே வெந்நீர் ஊற்றினோம்.
ஆவி எழுந்தது.
நன்றாக, முகம் நிறைய எழுந்தது.

சாயங்காலம் கண் எரிந்தது.
விடிவதற்குள் என் பத்து விரலிலும்
மஞ்சள் நீர் கோத்த கொப்புளங்கள்.
மேற்பார்வையாளர் ஒரு டப்பா வாசலின் கொடுத்தார்,
இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்து.
நான்காம் நாள் மறுபடி லாரி.

அன்றைய தேதியிட்ட சிகிச்சைச் சீட்டு உண்டா?
சீட்டு எழுதவேண்டியவரின் சட்டையையும்
நாங்கள்தான் துவைத்தோம், டாக்டர்.

சாட்சிகள் இரண்டு பேராவது?
மோலூக் இறந்தபோது ஆஸ்துமா என்று எழுதினார்கள்.
தாபாந்தே ஸ்வீடனில் மகனோடு,
விலாசம் இல்லை.
கோஹர்தாஜ் இங்கேதான் இருக்கிறாள்;
போன மாதம் பார்க்கப் போனேன்,
நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டாள்.

என் கணவர் ஃபராமர்ஸ் முப்பத்தைந்து சதவீதம்.
அட்டை இருக்கிறது, முத்திரை இருக்கிறது,
இரவெல்லாம் உறுமும் ஆக்சிஜன் இயந்திரம் இருக்கிறது.
என்னுடையதில் பத்து எடுத்துக்கொள்ளேன் என்பார்,
சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.
என் இருமல் அதற்குப் பதில் சொல்லும்.
பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம்
டிவியைச் சத்தமாக வைப்பார்கள்.

குழாயில் ஊதச் சொன்னார்கள்.
இன்னும், இன்னும், இன்னும் என்றாள் அந்தச் சின்னப்பெண்,
பிறந்தநாள் மெழுகுவர்த்திக்கு முன் நிற்கும் குழந்தையிடம் போல.
காகிதத்தில் கோடு கொஞ்சம் ஏறி
உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் விண்ணப்பத்துக்கு விரல் ரேகை.
வைத்தேன். சிவப்பு விளக்கு.
பெருவிரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை.
ஈரத்துணியால் துடைத்தார் குமாஸ்தா,
தன் சட்டையிலும் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.
சிவப்பு. சிவப்பு.
உங்களுக்கு ரேகையே இல்லையே, என்ன ஆயிற்று?

சொன்னேன்.
அவர் எழுதவில்லை.
ரேகை இல்லை என்று டாக்டரிடம்
ஒரு சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும்,
அதைக் காலியாக விடச் சொல்லுங்கள்;
காரணத்தை ஆணையம்தான் முடிவு செய்யும்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மடியில்
ஒரு பை நிறையப் பூண்டு.
இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஃபராமர்ஸ் உட்கார்ந்தபடியே விழித்திருந்தார்.
எத்தனை என்று விரலால் கேட்டார்.
ஒன்றும் சொல்லாமல்
அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்தேன்.
வாளியில் நனைக்குமுன்
பையைத் துழாவினேன்.
காலி மாத்திரை அட்டை.
கடைச் சீட்டு ஒன்று,
பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு கழித்தல் கணக்கு:
முப்பத்தைந்தில் பத்து போக.
விடை எழுதவில்லை.