இருபத்திரண்டு ஜேர்சிக்கான சின்னம்

புதுக்குடியிருப்புச் சந்தியில்
துணிக்குப் படம் அடிக்கிற இயந்திரம் வைத்திருக்கிறன்.
கழகங்கள் வரும். பெயர் தரும். மிருகம் கேட்கும்.
சிறுத்தை போடலாம், புள்ளி தெளிவாய் இருக்கவேணும்.
புள்ளி நீண்டு கோடாய்த் தெரிந்தால்
அடுத்த கிழமை யாரோ வந்து
கதிரையை இழுத்துப் போட்டு இருந்து
அப்பாவின்ட பெயர் கேட்பினம்.
ஆகவே கழுகு, குதிரை, காளை,
ஒருக்கால் முதலையும் கீறினனான்.

பஞ்சலிங்கம் அண்ணை கேட்டது வேடன்.
"வன்னி வேடர் விளையாட்டுக் கழகம்.
காடு எங்கட. வில்லு எங்கட.
ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம்."
உண்மைதான்.
வேடனுக்காக ஒருத்தரும் வந்து விசாரிக்கிறதில்லை.

இணையத்தில் ஒரு தலையை எடுத்தன்.
முகம் ஆற்றையோ,
இறகு எந்த நாட்டுப் பறவையினதோ தெரியாது.
தோலைக் கறுப்பாக்கினன்.
பல்லை இன்னும் வெள்ளையாக்கினன்.
அண்ணைக்குப் பிடித்துப்போச்சு.
இருபத்திரண்டு ஜேர்சி, கையோடு காசு.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள்
கடை பூட்டுற நேரம் கிரிசாந் வந்தான்.
கோல் காப்பாளன். வாகரைப் பக்கம்;
குமுழமுனையில் கலியாணம் முடித்தவன்.
"அண்ணன், எங்கட ஆக்கள் இறகு குத்திறல்ல."
உங்கட ஆக்களெண்டால்?
நெஞ்சில் இருந்த சின்னத்தை
விரலால் தட்டிக் காட்டினான்.
"அம்மாட அப்பா. கடலுக்கும் போவாரு, தேனுக்கும் போவாரு.
சேட்டுப் போட்டுத்தான் போவாரு."

எனக்கு மட்டும் படம் இல்லாம அடிக்கேலுமா,
கோலிக்கு எப்பிடியும் வேற நிறம்தானே எண்டான்.
செயலாளரைக் கேள் எண்டு சொன்னன்.
அதைச் சொன்ன வாய் இதுதான்.

செயலாளர் சொன்னாராம்:
வள்ளி ஆர்? வேடர் வீட்டுப் பிள்ளை.
முருகனே தேடிப்போய்க் கட்டினவர்.
இது மரியாதையடா.
கப்டன் நிதர்சனும் தலையாட்டினானாம்.
வள்ளிக்குப் பட்டு சாத்துவம்.
வள்ளியின்ட தம்பி மைதானத்துக்கு வந்தால்
கரி பூசச் சொல்லுவம்.

கரி பூசினது டிலக்சன், ஒன்பதாம் வகுப்பு.
இடுப்பில் பாலை இலை, கையில் தடியொன்று,
ஊ ஊ எண்டு ஒட்டுசுட்டான் மைதானத்தை மூன்று தரம் சுற்றினான்.
ஐஸ்கிறீம் வான்காரன் பாட்டை நிப்பாட்டிப்போட்டுச் சிரித்தான்.
நானும் சிரித்தனான்,
கம்பத்துக்குக் கீழே கிரிசாந் நிற்கிறதைக் காணும் வரைக்கும்.
சின்னத்துக்கு மேல மருந்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தான்.
இடைவேளைக்கு முதலே வியர்வையில் ஓரம் கழன்று
ஒரு கண் மட்டும் வெளியில் பார்த்தது.

தண்ட உதை.
முதல் பந்தைப் பாய்ந்து பிடித்தான்.
"வேடா! வேடா!" மைதானமே எழும்பி நின்றது.
நாலாவது கைக்குள்ளால் போனது.
"வேடா…"
அதே ஆக்கள், அதே சொல்லு,
கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் இழுத்தினம்.

யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருக்கேக்கை
என்ர பெயர் வன்னியான்.
கட்ச் பிடித்தாலும் வன்னியான், விட்டாலும் வன்னியான்.
அணியில் இடம் வேணும் எண்டு
நானே அந்தப் பெயரை மட்டையில் எழுதினனான்,
சிவப்புப் பெயின்ரால், வடிவான எழுத்தில்.
அப்பவே எனக்குக் கை நல்லாய் ஓடும்.

இந்த வருசமும் கட்டளை வந்திருக்கு.
கோப்பைத் திறந்தன்.
முதலில் இறகை அழித்தன். பிறகு பல்லை.
பிறகு முகத்தில் என்னத்தை விடுறதெண்டு தெரியேல்லை.
பச்சை வட்டம் மட்டும் மிச்சம்.
அதையே அனுப்பினன்.

பஞ்சலிங்கம் அண்ணை உடனே எடுத்தார்:
"தம்பி, வட்டம் கிடக்கு.
எங்கட ஆள் எங்கை?"

கிரிசாந் மாசியிலேயே வாகரைக்குப் போட்டான்.
அவர் கேட்டது அவனை இல்லை.
இயந்திரம் சூடாகிக்கொண்டிருக்கு.