வரிக்கு மேலே ஒரு கண்

தோலுக்கு ஈரம் ஆகாது.
நனைந்த கோட்டை வெளியே தொங்கவிட்டு
உள்ளே வந்தான் மர்ஹிவ்.
ஹோலோனில் பல்செட் செய்பவன்.
வியாழன்தோறும் எருசலேம் வந்து
சமாரியர் வாசிக்கிறபடி
எனக்கு வாசித்துக் காட்டுவான்.
மணிக்கு இவ்வளவு என்று ரசீது உண்டு.

இருவர் ஏட்டிலும் மெய்தான் எழுதியிருக்கும்.
உயிர், வாசிப்பவர் வாயில்.
அவன் எழுத்து பழையது, கொம்பும் முள்ளுமாய்.
என்னுடையது
பாபிலோன் போய்த் திரும்பியவர்கள் கொணர்ந்த சதுரம்.
ஒரு யோத், கொசுக்கால் அளவு,
அவனிடம் இல்லை, என்னிடம் உண்டு.
ஆகவே அவன் ஏட்டில் கடவுள் தேர்ந்த இடம்;
என் ஏட்டில் தேரும் இடம்.
அந்தக் கொசுக்கால் சந்தில் இரண்டு மலைகள்.
அதைப் பேசுவதில்லை.
பேசினால் கடைசி பஸ் போய்விடும்.

இன்றைய பேச்சு தொண்டை.
அடித்தொண்டையில் பிறக்கும் நாலு எழுத்தை
அவன் ஆட்கள் பெரும்பாலும் விழுங்கிவிட்டார்கள்.
வேதக் குரலில் என் பெயரைச் சொல், என்றேன்.
"எம்தா."
ஹெம்தாவின் மூச்சு போய்விட்டது.
இதைச் சிதைவு என்று
நானே ஒரு அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பிறகு அகச்சிவப்பு விளக்கின் கீழ்
சாக்கடல் குகைத் துண்டு ஒன்றை வைத்தேன்.
கட்டைவிரல் அகலம். சதுர எழுத்து. நல்ல கை.
ஒரு சொல்லில் அயினை விட்டுவிட்டு
பிறகு ஞாபகம் வந்து
வரிக்கு மேலே
எள்ளளவாய்ச் செருகியிருக்கிறான்.

பல் அச்சைப் பார்ப்பதுபோலக் குனிந்தான் மர்ஹிவ்.
"காதில் விழவில்லை, கைக்கு வரவில்லை.
இவன் வாய் எங்கள் வாய்."

அயின் என்றால் கண்.
மேலே உட்கார்ந்து அது
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ சொல், அயின்."
சொன்னேன். வெறும் காற்று.
வார்சாவில் இருந்து வந்த என் வீட்டார் தொண்டையில்
அது குடியிருந்ததே இல்லை.
இரண்டாம் வகுப்பில் அயினை விட்டு எழுதி
சிவப்பு மையில் திருத்து வாங்கியவள் நான்,
வரிக்கு மேலேதான்.

அவனுக்கோ நாப்லஸில் பிறந்த அரபு.
போனில் அக்காவோடு பேசும்போது
அயின் விழும்,
கிணற்றுச் சுவரில் வாளி மோதுவதுபோல.
வேதத்தில் மட்டும் இல்லை.

தெரிந்தேவா விடுகிறாய்?

யோசித்தான்.
"எனக்கு முன் வாசித்தவர்கள்
விட்ட இடத்தில் விடுகிறேன்.
ஒன்றுகூட அதிகம் விடக் கூடாது."

ரசீதில் அவன் பெயரை எழுதினேன்.
ஹேத் வரும் இடத்தில் பேனா நின்றது.
"எழுது," என்றான்,
"பேங்குக்கு அது வேண்டும்."