ஐம்பதுக்கு இரண்டு

பகாவ் பெரிய ரோட்டில்
எதிர்வரிசை நகைக்கடையை நாலு பேர்
பாராங்கோடு வந்து வழித்துக்கொண்டு போன வாரம்
எங்கள் முதலாளி தணிகாசலம்
கைத்துப்பாக்கிக்கு மனுப் போட்டார்.
பாலாயில் ஏழு மாதம் கிடந்தது மனு.
அந்த ஏழு மாதமும் கடையில்
தங்கத்தைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு.

சம்பந்தம் விசாரிக்கிற மாதிரிதான் விசாரித்தார்கள்:
எந்த ஊர், என்ன குடும்பம்,
கோபம் வந்தால் எப்படி,
இதற்கு முன்னால் யாரையாவது கைவிட்டதுண்டா.

ஆஸ்திரியாக்காரனுக்குப் பிளாஸ்டிக் உடம்பு,
சேற்றில் போட்டுக் குலை லோரியை ஏற்றினாலும்
எடுத்தால் சுடும் என்றார்
ஓய்வுபெற்ற சார்ஜன் மரியசூசை.
நீங்கள் ஏற்றிப் பார்த்தீர்களா?
ஏற்றினவனைத் தெரியும் என்றார்.

இத்தாலிக்காரன் அழகன்,
பாத்தேக் சட்டைக்குள் அடங்கமாட்டான்.
ஜெர்மன்காரனுக்குப் பழைய பேர்,
பாதி விலை பேருக்கே.
பிரேசில்காரன் என்றதும் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.
கோலப்பிலா அடகுக்கடைக்காரர் மட்டும்
பதினெட்டு வருடமாய் இடுப்பில் இருக்கிறான்,
ஒரு குறை சொல்லமுடியாது என்றார்.
எத்தனை தடவை சுட்டிருப்பீர்கள்?
சுட்டதே இல்லையே.

நான் பற்றுவரவு எழுதுகிறவள்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து
பேர் ஒரு பத்தி, நடத்தை ஒரு பத்தி என்று வைத்தேன்.
பேர்ப்பத்தி ஓரம் தாண்டி வழிந்தது.
நடத்தைப்பத்தியில்
பேனா வைத்த புள்ளி மட்டும்.

நகையும் இப்படித்தான்.
முத்திரையைப் பார்த்து வாங்குகிறார்கள்,
உரைகல்லில் உரசச் சொல்கிறவர் நூற்றில் ஒருவர்.
ஆனால் தங்கம் பொய் சொன்னால்
பணத்தோடு போகும்.

லைசென்ஸ் வந்த நாளில்
சிரம்பான் கடை லிம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்று,
செக் நாட்டுக்காரன்.
ஏழு மாதத்தில் ஒரு வாயிலும் வராத பேர்.
அதைத்தான் வாங்கினார்.

சுடும் திடலுக்கு என்னையும் கூட்டிப்போனார், எண்ணுவதற்கு.
பஞ்சு அடைத்த காதோடு எண்ணினேன்.
முப்பத்தொன்றில் தோட்டா தொண்டையில் நின்றது.
நாற்பத்துநாலில் மறுபடி.
மணிக்கட்டு தளர்கிறது என்றார் மரியசூசை.
தோட்டா மட்டம் என்றான் லிம்.
எண்ணெய் போதாது என்றார் முதலாளி.
ஐம்பதுக்கு இரண்டு என்று நான் எழுதினேன்.
மூன்று ஆண்கள் மூன்று காரணம் சொன்னார்கள்,
அதற்குப் பத்தி இல்லை.

அப்புறம் அவர் உட்காருவது மாறியது.
வலதுபக்கம் கொஞ்சம் தூக்கி,
மூலக்காரர் மாதிரி.
சட்டை எப்போதும் வெளியே.
வீட்டில் சாமியறைப் பக்கம் வரக்கூடாது என்று
அக்காள் சொல்லிவிட்டாராம்,
அவரையா அதையா என்று கேட்கவில்லை.

தோட்டச் சம்பளம் போட்ட சனிக்கிழமை.
ஒரு வங்காளதேசப் பையன், ரஃபிக்குல்,
சட்டையில் ஆலை எண்ணெய் வாசம்.
தங்கை கல்யாணத்துக்கு மூக்குத்தி கேட்டான்.
விலை சொன்னேன்.
தலையாட்டினான்.
சட்டென்று குனிந்து
காற்சட்டைக்குள் அடிவயிற்றில் கையை விட்டான்.

முதலாளியின் கை இடுப்புக்குப் போனது.

சட்டையின் கீழ்ப்பித்தான்
பிடியில் சிக்கிக்கொண்டது.
ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.
அதற்குள் பையனின் கை வெளியே வந்துவிட்டது,
ரப்பர் பேண்டு சுற்றிய
பிளாஸ்டிக் பையில் ஐம்பது ரிங்கிட் நோட்டுகளோடு.

அவன் பார்த்தான்.
பித்தானை, கையை, பிறகு என்னை.
பாஸ், எண்ணிக்கொள்ளுங்கள் என்றான்.
எண்ணினேன். சரியாக இருந்தது.
பத்து ரிங்கிட் குறைத்துக்கொள் என்றார் முதலாளி,
யாரையும் பார்க்காமல்.

அடுத்த மாதம் ரஃபிக்குல்
எதிர்வரிசைக் கடைக்குள் நுழைவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கடைசிப் பக்கத்தைத் திறந்து
ஐம்பத்தொன்றுக்கு மூன்று என்று எழுதினேன்.
சுடாத துப்பாக்கியின் மேல் அந்தக் குறையைப் போடலாமா,
சுடாததுதான் நடத்தையா,
அல்லது இது பித்தானின் கணக்கா என்று தெரியாமல்
அடித்துவிட்டேன்.

அடித்தது படிக்கத் தெரிகிறது.