மழைக்குப் பிறகு

கடைசி சரக்கு ரயில் தன் வால்விளக்கை
வளைவுக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது
மணி ஒன்று பத்து.
நாலே முக்கால் வரை தண்டவாளம் எங்களுடையது.
சுங்கை கெருய்ங்கில் அந்நேரம் விழித்திருப்பது
செம்பனை ஆலையின் புகைபோக்கி,
பெட்ரோல் நிலையத்து நாய்,
ரயில் குகை வாயின் மேல் கயிற்றில் தொங்கும்
நாங்கள் மூவர்.
அஸ்ரி மேலே முடிச்சு பார்க்கிறான்.
லிம் விளக்கு பிடிக்கிறார்.
நான் சுத்தியல்.

வேலை இவ்வளவுதான். தட்டு, கேள்.
நல்ல பாறை ணங்கென்று திருப்பி அடிக்கும்,
மணிக்கட்டு வரை ஏறும்.
கெட்டது தொப்பென்னும்,
சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லும் பிள்ளையின்
வயிறு மாதிரி.
அதற்குச் சிவப்புச் சாயத்தில் ஓர் எண்.
நெம்பி இறக்குவதா,
ஆணி அறைந்து மலையோடு தைப்பதா என்பதைப்
பகலில் கூடிப் பேசுவார்கள்.

பதினேழாம் எண்ணின் விரிசல்மேல் ஒட்டிய
கண்ணாடித் துண்டு
தீபாவளிக்கு முன்பு முழுசாக இருந்தது.
ஆறு நாள் மழைக்குப் பின்
குறுக்கே ஒரு மயிர்க்கோடு.
லிம் இரண்டு முறை விளக்கைத் துடைத்தார்.
கோடு போகவில்லை.

முதல் கொமுட்டரை நிறுத்துங்கள் என்றேன் ரேடியோவில்.
எவ்வளவு நேரம்?
தெரியாது.
காரணம்?
ஒரு கண்ணாடி.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

கம்பிவடத்தால் அதைக் கட்டி முடிக்க
ஐம்பத்திரண்டு நிமிஷம்.
வெளிச் சிக்னலில் நின்ற பெட்டிகளில்
தூங்கும் முகங்கள், கோபமான முகங்கள்.
பாறை விழவில்லை.
வெயில் ஏறி, ஒன்பது ஆணியும் இறங்கி,
வலை போர்த்திய பின்னும் விழவில்லை.
பசியாறப் போன கடையில் பிரேமாவதி அக்கா
ரொட்டியைத் தட்டில் எறிந்தாள்:
"உன் கண்ணாடியால என் மவனுக்கு
பாக்டரியில கேட்டை மூடிட்டான்."
குழம்பை மட்டும் நிறைய ஊற்றினாள்.
காட்டுவதற்கு என்னிடம்
விழுந்த கல் ஏதும் இல்லை.

வலையின் கடைசி நங்கூரம்
முனியாண்டியின் காலடியில் வந்தது.
அவரும் மேலிருந்து வந்தவர்தான்.
எந்த வருஷம் என்பதில்
கோயில் குழுவுக்குள்ளேயே மூன்று கட்சி.
உருண்டு வந்தவர், தண்டவாளத்துக்கு ஒரு முழம் முன்னால்
நின்றுவிட்டார்.
நின்றதற்குத்தான் மஞ்சள் துணி, எலுமிச்சை, சுருட்டு.
நகர்த்த விடமாட்டோம் என்றார் தலைவர் தருமலிங்கம்.
பொறியாளர் ஹபீஸா வரைபடத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து
நங்கூரத்தை இரண்டடி தள்ளினார்.
"ஆனால் பட்டியலில் வரணும்.
பட்டியலில் இல்லாத பாறை எனக்கு வேண்டாம்."

அன்றிரவு இரண்டரைக்கு
காலணியைக் கழற்றினேன்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, விதிமுறை.
துணியை ஒதுக்கினேன்.
அஸ்ரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
லிம் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார்.
நெற்றிக்குச் சற்றுக் கீழே, மெல்ல அல்ல,
எல்லாவற்றையும் தட்டுகிற அதே பலத்தில்.

ணங்.

எண்: சுழியம்.
நிலை: உறுதி.
சாயம் பூசவில்லை, குங்குமம் இருந்தது.
அடுத்த சோதனை எப்போது என்ற கட்டத்தில்
மற்றவற்றுக்குப் போடுவதையே
அவருக்கும் போட்டேன்:
மழைக்குப் பிறகு.