முழங்கையைத் தேய்த்துக்கொண்டவன்

எனக்கு ஒரு கால் குட்டை.
அதனால் பென்சிலைக் கொடுத்து
வேலியோரம் உட்காரவைத்தார்கள்.
பதினோரு பேர் குடித்தபின்
கோப்பையில் மிஞ்சிய தேநீர் எனக்கு.

மாலகி டூஹியை நான் அறிந்தது அப்படித்தான்.
அடித்தால் எண், அடிக்காவிட்டால் புள்ளி.
நோர் ஆற்று மாவு ஆலையில் வண்டிக்காரன்.
சனிக்கிழமை, பிடரியில் மாவோடேயே வந்து
நான்காவதாக இறங்குவான்.
ஞாயிறு பூசை முடிந்ததும் ஹர்லிங்.
இரண்டுக்கும் ஒரே கை,
புல்லோடு சேர்த்து வாரி அடிக்கிற கை.

அன்னிய ஆட்டம் ஆடுகிறவன் வேண்டாமென்று
ஹர்லிங் சங்கம் அவன் பெயரை அடித்தது.
வெள்ளைச் சட்டை இல்லாதவனா என்று
இங்கேயும் சிலர் முகம் சுளித்தார்கள்.
"சனியும் உனக்கில்லை, ஞாயிறும் உனக்கில்லை,
பிறகு எங்கேதான் இருப்பாய்?" என்றேன்.
"செவ்வாய்க்கிழமையில்" என்றான்.

பதினான்காம் வருஷம், ஆகஸ்ட் முதல் தேதி.
அவன் முப்பத்தொன்றில் நிற்கிறான்.
எழும்பிய பந்து மட்டையின் விளிம்பை உரசி
கீப்பர் கையில் அடங்கியது.
வேலியோரம் இருந்த எனக்கே கேட்டது,
காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.
பதினோரு தொண்டை ஒன்றாய்க் கத்தியது.
நடுவர் பிரெண்டர்காஸ்ட் வாத்தியாருக்கு
இடது காது மந்தம்.
மாலகி முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.
முகத்தில் அப்பேர்ப்பட்ட வலி!
வாத்தியார் தலையை ஆட்டிவிட்டார்.

அறுபத்தெட்டில் திரும்பி வந்து
என் தேநீரை எடுத்துக் குடித்தான்.
"அழகாய் எழுது" என்று
ஒரு கண்ணை மட்டும் மூடினான்.

போர் அறிவித்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை.

ராஜாவுக்காகப் போனான் என்றார்கள், பெல்ஜியத்துக்காக என்றார்கள்.
ஆலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது என்பதை
யாரும் சொல்லவில்லை.
ஒரே ஒரு கடிதம் எனக்கு:
"இருபத்திரண்டு கஜம் அளந்து முளை அடித்தோம்.
ஆட்டம் இல்லை. மழை."

செப்டம்பரில், கின்ஷி என்ற ஊருக்கு வெளியே.
வலி தெரியாமல் போனான் என்று சார்ஜெண்ட் எழுதியிருந்தார்.
நூனன் வீட்டுக்கும் அதே வரி வந்தது,
அதே கையெழுத்தில்.
அங்கேயும் ஒரு கணம்
முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருப்பானோ,
யாராவது தலையை ஆட்டட்டும் என்று?

ஆலை முதலாளி பித்தளைத் தகடு அடித்தார்.
"நேர்மையாய் ஆடியவன். இன்றும் நாட் அவுட்."
ரன் கணக்கு மட்டும் என்னிடம் கேட்டார்கள்.
கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்தில் ஒரு ராத்திரி
ஆட்டக் கொட்டகை எரிந்தது.
தகடு உருகி உள்ளங்கை அளவு கட்டியாயிற்று.
யார் என்று ஊருக்கே தெரியும்,
கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.
அந்தச் சீருடைக்கும் அந்த ஆட்டத்துக்கும்
இந்த நாட்டில் இனி ஆணி அடிக்கச் சுவரில்லை.
புத்தகம் மட்டும் தப்பியது,
ஓட்ஸ் பீப்பாயின் அடியில் வைத்திருந்தேன்.

ப்ரீட் டூஹி நேற்று வந்தாள், பின்வாசல் வழியாக.
படத்தை அம்மா எங்கேயோ ஒளித்துவிட்டாளாம்.
"எல்லாரும் அவனைப் புனிதராக்கினார்கள்,
அப்புறம் துரோகியாக்கினார்கள்.
இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது.
உன் புத்தகத்தில் யார் இருக்கிறான்?"

சொன்னேன். சுள்ளிச் சத்தம், வாத்தியாரின் காது, முழங்கை.
அவள் சிரிக்க ஆரம்பித்தாள்,
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு,
மூக்கு ஒழுக, நிறுத்த முடியாமல்.
"அவனேதான். கோழிமுட்டை திருடிவிட்டும்
அப்படித்தான் நிற்பான். முழங்கை!"

"திருடினது எத்தனை?"
"முப்பத்தேழு."
"அதை மட்டும் படி."

திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.
பென்சில் மங்கியிருந்தது,
விளக்கை அருகே நகர்த்திக்கொண்டு
விரல் வைத்து வாசித்தேன்:
ஒன்று. புள்ளி. புள்ளி. நான்கு.
புள்ளி. இரண்டு.
"மெதுவாக" என்றாள்.
புள்ளி.